தொட்டில் சாளைக்கு ஒரு புதன்கிழமை

முதலில் ஒரு மன்னிப்பு. மேடையில் நிற்பவர்கள் மனத்திலிருந்து பேசுவார்கள். நான் தாளைப் பார்த்துப் படிக்கப்போகிறேன். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதி எடுத்துக்கொண்டு வந்தேன். எழுதுவதற்கும் எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. அழைப்பிதழின் கடைசி வரியில் "நன்றியுரை: செல்வி அனுசுயா, பி.காம்." என்று அச்சடித்துவிட்டார்கள். அச்சடித்த பிறகு மறுக்கும் துணிவும் எனக்கு இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்று, இரண்டு கண்ணாடி அலமாரிகளையும் அன்பளிப்பாகத் தந்து, எல்லோர் பேச்சையும் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கும் ஏற்றுமதி நிறுவன உரிமையாளர் மதிப்புக்குரிய ஈஸ்வரமூர்த்தி ஐயா அவர்களே! இன்று நாம் யாரைப் பாராட்டக் கூடியிருக்கிறோமோ, பாராட்டைக் கேட்கப் பிடிக்காமல் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கறிஞர் சித்ரகலா அவர்களே! அருங்காட்சியகக் குழுவின் தலைவர், நிட்டிங் மிஷினோடு முப்பது ஆண்டுகள் மல்லுக்கட்டிய ஆத்தப்பன் அண்ணன் அவர்களே! நெருப்பெரிச்சல் ஊரின் பெரியோர்களே! வாரத்துக்கு ஒரே ஒரு ஓய்வுநாள், அந்த ஞாயிற்றுக்கிழமையையும் எங்களுக்குத் தந்து இந்தப் பந்தலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! தொட்டிலை ஆட்டிய கைகளே, துணியைத் தைத்த கைகளே, தூக்கத்தைத் தொலைத்த கண்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என்னங்கண்ணா, கேக்கலைங்களா? சரிங்க, மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கறேன். இப்பக் கேக்குதுங்களா? சரிங்க.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. எனக்குப் பின்னால் நிற்கிறதே இந்த ஓட்டுக் கட்டடம், இதற்குத் தொட்டில் சாளை என்று பெயர்; சாளை என்றால் இந்தப் பக்கம் கொட்டகை. முன்பு இதில் ஒரு பனியன் கம்பெனி நடந்தது. 1978-இல் அந்தக் கம்பெனி வேறு இடத்துக்குப் போனது. அதை நடத்திய பெரியவர் போகும்போது ஒன்றைப் பார்த்தார். அக்கம்பக்கத்துக் கம்பெனிகளில், கட்டிங் மேசைக்கு அடியில், வெட்டிய துணிக் குவியலுக்கு நடுவில், கைக்குழந்தைகள் படுத்துக் கிடந்தன. அம்மாமார் மேலே வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் இந்தக் கட்டடத்தின் சாவியை அந்தப் பெண்களின் கையில் கொடுத்தார். எழுதிக் கொடுக்கவில்லை. கையில் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது போதுமானதாக இருந்தது.

மேலே அண்ணாந்து பாருங்கள். அந்த உத்தரத்தில் பதினான்கு கயிற்றுத் தடங்கள் தெரியும். பதினான்கு தொட்டில்கள் அங்கே தொங்கின. முறை போட்டுக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு தாய் வேலைக்குப் போகாமல் இருந்து, பதினான்கு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டாள். கொங்கு வீட்டுப் பிள்ளையும் அதில் ஆடியது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த வீட்டுப் பிள்ளையும் அதில் ஆடியது. மாதா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளையும் மாகாளியம்மனுக்கு முடியிறக்கிய பிள்ளையும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிலில் ஆடின. ஒன்று அழுதால் பதினான்கும் அழும். இதில் என்ன பேதம் பார்க்க முடியும்?

2001 வரை இங்கே தொட்டில் ஆடியது. அதன்பின் மாலை நேர டியூஷன் நடந்தது. நானே இங்கே படித்தேன், பிறகு நானே இங்கே சொல்லிக்கொடுத்தேன். அதற்கும் மூன்று வருடம் கழித்து ஒருநாள் ஆத்தப்பன் அண்ணன் சொன்னார்: "ஏனுங்க, இந்த ஊரு பனியன் போகாத நாடில்லை. ஆனா அதைத் தைச்சவங்களைப் பத்திச் சொல்றதுக்கு ஊருக்குள்ள ஒரு ரூமு இல்லீங்களே?" அந்த ஒரு கேள்வியில் பிறந்ததுதான் இந்த அருங்காட்சியக முயற்சி. அரசு கொடுத்ததில்லை; பெரிய மனிதர்கள் தொடங்கியதில்லை. வீட்டுக்கு வீடு போய்க் கேட்டோம். ஒருவர் நூல் பிசிறு வெட்டிய தன் முதல் ட்ரிம்மரைத் தந்தார். ஒருவர் வேலைக்குச் சோறு கொண்டுபோய் ஒடுங்கிப்போன தூக்குப்போசியைத் தந்தார். இன்னொருவர், வேலைக்குச் சேர்ந்த அன்று வாங்கிய வருகை அட்டையைப் பூஜை அறையிலிருந்து எடுத்துத் தந்தார்.

அப்போதுதான் கோர்ட் நோட்டீஸ் வந்தது.

பெரியவர் காலமாகிவிட்டார். அவருடைய பேரப்பிள்ளைகள் வேறு ஊரில் இருக்கிறார்கள். இந்த இடத்தைக் குடோன் கட்டக் கேட்டு யாரோ அவர்களை அணுகியிருக்கிறார்கள். "இந்தக் கட்டடம் 1978 முதல் பூட்டிக் கிடந்தது, போன வருடம்தான் சிலர் பூட்டை உடைத்து உள்ளே புகுந்து அருங்காட்சியகம் என்று பலகை மாட்டினார்கள்." இதுதான் அவர்கள் மனுவில் இருந்தது. அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தெரியாது. தெரியாதவர்களுக்கு நாம் சொல்லியிருக்க வேண்டும், சொல்வதற்குத்தானே அருங்காட்சியகமே?

நோட்டீஸை வைத்துக்கொண்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "படிச்ச புள்ளைக்குக் கோர்ட்டு தெரியாதா?" என்றார்கள். நான் படித்தது பி.காம். என் வீட்டில் முதல் பட்டம். அதில் கோர்ட்டுக்கு வழி எங்கே சொல்லிக்கொடுத்தார்கள்? இருந்தாலும் போனேன். கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் என்ற பலகையைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்துவிட்டு, உள்ளே போய்க் கேட்கக் கூச்சப்பட்டு, காலை பத்து மணியிலிருந்து ஒன்றரை மணி வரை வெளியே தூணோரம் நின்றேன்.

முன்வரிசையில சிரிக்காதீங்கக்கா. உங்களைத்தான் உள்ள அனுப்பியிருக்கோணும்.

ஒன்றரை மணிக்குச் சாப்பிட வெளியே வந்தார் சித்ரகலா அவர்கள். என்னைப் பார்த்தார். "ஏங்கண்ணு, காத்தாலிருந்து தூணோட தூணா நிக்கறே. யாரைப் பாக்கோணும்?" என்றார். நான் நோட்டீஸை நீட்டுவதற்கு முன்பே, "பீஸ் எவ்வளவுங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் சொன்னார்: "பொம்பளைங்களுக்கும் தொழிலாளிங்களுக்கும் பீஸ் இல்லாம வக்கீல் கேக்கறதுக்குச் சட்டத்துலயே உரிமை இருக்குது. யாரும் உனக்குத் தானம் பண்ணலை. தலை நிமிந்து கேளு."

அம்மாமாரே, அக்காமாரே, அந்த வாக்கியத்தை உங்களிடம் சொல்வதற்காகவே நான் இந்த மேடை ஏறினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரேஷன் கடையில் நிற்கும்போதும் ஆஸ்பத்திரியில் நிற்கும்போதும் நாம் தலையைக் குனிந்துகொண்டுதானே நிற்கிறோம்? உரிமையை வாங்கும்போதும் கடன் வாங்குகிறவர்போல் ஏன் நிற்கிறோம்? அன்று நான் என்னையே கேட்டுக்கொண்டேன். இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை.

ஊருக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார்கள் என்று பார்த்தால், ஒருவர் முகத்திலும் நம்பிக்கை இல்லை. "பீஸ் வாங்காத வக்கீலா? ஏங்கண்ணு, அது எக்ஸ்போர்ட் குவாலிட்டியா, செகண்ட்ஸா?" என்று கேட்டார் ஒருவர். யார் என்று சொல்ல மாட்டேன். குழுத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இப்போது தரையைப் பார்க்கிறார்.

வக்கீலம்மா சிரிக்கறாங்க. நல்லவேளை.

அடுத்து நடந்ததை நான் வெட்கத்தோடுதான் சொல்ல வேண்டும். வேறு எந்த ஊர்க்காரர்களும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். நம்மால் மட்டும்தான் முடியும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இடத்தைப் பார்க்க வருகிறேன் என்று வக்கீலம்மா சொல்லி அனுப்பினார். நமக்கு ஒருவர் பார்வையிட வருகிறார் என்றால் என்ன அர்த்தம்? துணி வாங்கும் வெளிநாட்டு பையர் வருகிறார் என்று அர்த்தம். பையர் வந்தால் என்ன செய்வோம்? கம்பெனியைக் கழுவுவோம். அதைத்தான் செய்தோம். சனிக்கிழமை வேலை விட்டதும் இருபது பேர் இங்கே வந்தார்கள். சுவருக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடித்தார்கள். சேகரித்த துணிகளையெல்லாம் மேசையில் பரப்பினார்கள். டியூப்லைட்டுக்குக் கீழே ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கறை இருந்தால் எடுத்தார்கள். நூல் நீட்டிக்கொண்டிருந்தால் பிசிறு வெட்டினார்கள். பழைய சீட்டு தொங்கினால் கத்தரித்தார்கள். இஸ்திரி போட்டு, மடித்து, பாலிதீன் கவரில் போட்டு, அளவுவாரியாக அடுக்கியும் விட்டார்கள். தூக்குப்போசியைத் தேய்த்த தேய்ப்பில் அதன் மேல் வெட்டியிருந்த பெயரே மங்கிப்போய்விட்டது.

நானும் வெட்டினேன், ஐயா. பள்ளி விடுமுறையிலெல்லாம் பிசிறு வெட்டிய கை இது. கத்தரி கையில் இருந்தால் வெட்டாமல் இராது.

ஞாயிறு காலை வக்கீலம்மா வந்தார். உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டார். ஆத்தப்பன் அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்: "எப்படீங்க இருக்குது நம்ம மியூசியம்?"

"பளிச்சுனு இருக்குதுங்க. அதுதானுங்க பயமா இருக்குது."

"ஏனுங்க அப்படிச் சொல்றீங்க?"

"இந்தச் செவுத்துல முந்தி என்னங்க இருந்துச்சு?"

"கரியில கிறுக்கி வெச்சிருந்தாங்க. எந்தெந்தக் குழந்தை எந்தெந்த வருசம் வந்துச்சுன்னு. பாக்க அசிங்கமா இருந்துச்சுங்களா, ரெண்டு கோட்டு சுண்ணாம்பு அடிச்சு உட்டோமுங்க."

வக்கீலம்மா போய் அந்தச் சுண்ணாம்பை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இந்தக் கட்டடம் பூட்டிக் கிடந்துச்சுன்னு அவங்க சொல்றாங்க. இல்லை, இருவது வருசத்துக்கு மேல எங்க கொழந்தைங்க இங்கதான் கிடந்துச்சுன்னு நாம சொல்லோணும். அதுக்கு இருந்த சாட்சி மேல நீங்களே சுண்ணாம்பு அடிச்சிருக்கீங்க."

அந்த நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். இருபது பேர் நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. கறையைக் கண்டால் அழிக்க வேண்டும் என்று நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். நாளெல்லாம், வருடமெல்லாம், வாழ்க்கையெல்லாம் அதையே செய்தோம். தைத்தவள் கை பட்ட அடையாளம் துணியில் இருந்தால் அந்தத் துணி திரும்பி வந்துவிடும். அவள் வியர்வை தெரியக்கூடாது, எண்ணெய்க் கை தெரியக்கூடாது, தலைமுடி ஒன்றுகூட ஒட்டியிருக்கக்கூடாது. யாருமே தொடாமல் தானாகப் பிறந்ததுபோல் ஒரு பனியன் பெட்டிக்குள் போக வேண்டும். நல்லது, அது தொழில். ஆனால் நம் சொந்தக் கதையையும் நாம் அப்படியே பெட்டி கட்டலாமா? நாமே நம்மைத் துடைத்தெறியலாமா? நாம் இருந்த இடத்தில் நாம் இருந்ததற்கான தடத்தை நம் கையாலேயே அழிக்கலாமா?

நன்றிங்க. கை தட்ட வேண்டாங்க, தாள்ல எங்க விட்டேன்னு தேட வேண்டியிருக்குது.

வக்கீலம்மா வாசல் வரை போனார். முடிந்தது, இனி வர மாட்டார் என்று நினைத்தோம். வாசலில் நின்று திரும்பிக் கேட்டார். "கழுவியும் போகாததை எல்லாம் என்னங்க பண்ணுனீங்க?"

"ரிஜெக்ட்ல போட்டாச்சுங்க. நாளைக்கு வேஸ்ட் கடைக்காரர் வந்து எடுத்துக்குவாரு" என்றார் ஆத்தப்பன் அண்ணன்.

"அந்த ரிஜெக்டைக் கொண்டாங்க."

கேட்டுக்குப் பக்கத்தில் கட்டி வைத்திருந்த மூட்டையைக் கொண்டுவந்து நடுவில் அவிழ்த்துக் கொட்டினார்கள். உள்ளே இருந்தவை என்ன? தொட்டிலில் விரிக்கும் துணிகள். எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது. பால் கறை, மூத்திரக் கறை, மருந்துக் கறை, சாயக் கறை. எந்த மருந்து போட்டும் போகாத கறைகள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் வக்கீலம்மா. ஒவ்வொரு துணியின் மூலையிலும் நூலால் ஒரு பெயர். பெயருக்குக் கீழே ஒரு மாதம், ஒரு வருடம்.

இளையவர்களுக்கு இது தெரியாது. ஒரு பிள்ளையின் துணியில் இன்னொரு பிள்ளை படுத்தால் சிரங்கு ஒட்டும் என்று, ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் பெயரைத் தைத்துவிடுவாள். தொட்டில் பதினான்குதான், காத்திருக்கும் பிள்ளைகள் அதற்கு மேல். ஒன்றரை வருடம் ஆனால் அடுத்த பிள்ளைக்கு இடம் விட வேண்டும். அதில் சண்டை வரக்கூடாது என்று, வந்து சேர்ந்த மாதத்தையும் வருடத்தையும் பெயருக்குக் கீழே ஓவர்லாக் நூலில் தைத்துவிடுவது இந்தச் சாளையின் வழக்கம். நினைத்துப் பாருங்கள்! முறைச்சண்டைக்குப் பயந்து தைத்தது, முகவரிக்குச் சாட்சியாக வந்து நிற்கிறது!

பத்தொன்பது துணிகளையும் வருட வாரியாகத் தரையில் விரித்தோம். 1979-இல் தொடங்கியது. நடுவே 1987 இல்லை, 1992-உம் இல்லை. அந்த இரண்டும் ஒருவேளை நன்றாக வெளுத்துவிட, பெயர் நூலையும் பிசிறு என்று வெட்டிவிட்டோமோ என்னவோ. கடைசித் துணி 1999. ஆறாவது துணியில், சிவப்பு நூலில், "அனுசுயா, ஆவணி, 1984" என்று இருந்தது.

கல்லூரியில் யாராவது "உங்க அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "கம்பெனியில இருக்காங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். செக்கிங் மேசையில் கறை பார்த்துப் பிசிறு வெட்டுகிறார் என்று சொன்னதில்லை. அந்தத் துணியைக் கையில் எடுத்தபோது அந்த மூன்று வருடப் பொய்யும் என் கையில் இருந்தது. கறை படிந்த துணி என்னைப் பார்த்துக் கேட்டது: நீ எதைத் துடைக்கப் பார்த்தாய்?

என் அம்மா ராமுத்தாய் அந்தத் துணியை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரோ சாக்பீஸில் எழுதிக் கொடுக்க, அந்தக் கோட்டின் மேலேயே தைத்திருக்கிறார். "இது ஏங்கையிதான். மூணு தையலுக்கு ஒரு முடிச்சுப் போடுவேன், நூலு உருவிறக் கூடாதுன்னு. வேற யாரும் அப்படிப் போட மாட்டாக" என்றார். வக்கீலம்மா கேட்டார்: "இதை அப்படியே ஜட்ஜ் முன்னாடி சொல்லுவீங்களா?" அம்மா பயந்துபோய், "எழுதப் படிக்கத் தெரியாதவ கோர்ட்ல என்னத்தச் சொல்ல?" என்றார். "எழுத்தைச் சொல்ல வேண்டாமுங்க. தையலைச் சொல்லுங்க, போதும்."

அந்த மூட்டையைக் காட்டித்தான், இந்தக் கட்டடத்தை விசாரணை முடியும்வரை இடிக்கக்கூடாது என்று இடைக்காலத் தடை வாங்கித் தந்தார் நம் வழக்கறிஞர். ஒரு ரூபாய் நம்மிடம் வாங்கவில்லை. கோர்ட்டுக்கு வரும்போது டீ வாங்கிக் கொடுத்தால்கூட, "எனக்கும் சேத்து நீங்க எதுக்குங்க?" என்று திட்டுகிறார். அதற்காகத்தான் இந்த விழா. அதற்காகத்தான் இந்தப் பொன்னாடை. தலைவர் அவர்களே, பெரியோர்களே, இதுவரை பேசிய எல்லோரும் இந்த வெற்றியைப் புகழ்ந்தார்கள். நானும் புகழ்கிறேன்.

ஆனால், வெற்றி இன்னும் வரவில்லை.

தடை என்பது தீர்ப்பு இல்லை. துணி தானாகக் கோர்ட்டில் பேசாது. அதைத் தைத்தவர் நேரில் வந்து, இது நான் தைத்தது, இந்த இடத்தில், இந்த வருடம் என்று சொல்ல வேண்டும். பத்தொன்பது துணிகளைத் தைத்தவர்களில் பலர் ஊர் மாறிப் போய்விட்டார்கள், சிலர் காலமாகிவிட்டார்கள். உள்ளூரில் இருப்பவர்கள் மூன்று பெண்கள். அவர்களைச் சாட்சிக்கு அழைத்தார்கள். முதல் தடவை மூவரும் வரவில்லை. வாய்தா வாங்கினார் வக்கீலம்மா. இரண்டாம் தடவையும் வரவில்லை. மறுபடியும் வாய்தா. மூன்றாம் தடவை வரும் புதன்கிழமை. இதற்குமேல் வாய்தா கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை மூவரும் கூண்டில் நிற்காவிட்டால், பத்தொன்பது துணியும் பத்தொன்பது பழந்துணிதான். நான் நிற்கும் இந்த இடத்தில் அடுத்த வருடம் குடோன் இருக்கும்.

"பாவம், படிக்காத பொம்பளைங்க, கோர்ட்டுன்னா பயம்" என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். வக்கீலம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஏன் வரவில்லை என்று அவர் கேட்டபோதெல்லாம் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். இன்று இத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்கிறேன். மன்னித்துவிடுங்கள், வக்கீலம்மா. அவர்களுக்குக் கோர்ட் என்றால் பயமில்லை. சரக்கு கப்பலேறும் ஷிப்மெண்ட் வாரத்தில் லீவு கேட்பதற்குத்தான் பயம்.

மூவரும் செக்கிங் பிரிவில் இருக்கிறார்கள். முதல் தடவையும் ஷிப்மெண்ட், இரண்டாம் தடவையும் ஷிப்மெண்ட், இந்தப் புதன்கிழமையும் ஷிப்மெண்ட். வேலைக்கு வராமல் இருந்தால் மறுநாள் கம்பெனி கேட்டில் வருகை அட்டை இருக்காது. அட்டை இல்லையென்றால் வேலை இல்லை. கோர்ட்டிலிருந்து சம்மன் அனுப்பச் சொல்லலாமே என்றால், "கம்பெனிக்குச் சம்மன் வந்தா போலீஸ் கேசுன்னு நெனைச்சு அன்னைக்கே நிப்பாட்டிருவாக" என்று என் அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். இதை வக்கீலம்மாவிடம் ஏன் சொல்லவில்லை? வெட்கம். தன் நாளையெல்லாம் நமக்குச் சும்மா தருகிற ஒருவரிடம், எங்களால் ஒரு நாள் தர முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

இரண்டு வாரமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சட்ட உதவி இலவசம். உண்மை. வக்கீல் வந்துவிட்டார், கோர்ட்டுக் கதவும் திறந்துவிட்டது. ஆனால் அந்தக் கதவுக்கும் ஒரு செக்கிங் மேசைக்கும் நடுவில் ஒரு புதன்கிழமை நிற்கிறதே, அதை யார் தருவது? நீதி இலவசமாகக் கிடைக்கும்போதும், அதை வாங்கிக்கொள்ளப் போக ஒரு பகல் வேண்டியிருக்கிறது. அந்தப் பகல் நம் கையில் இல்லை. அது யார் கையில் இருக்கிறது?

அம்மா, கையைக் காட்டாதம்மா. முடிச்சிர்றேன்.

என் அம்மா மூன்றாவது வரிசையிலிருந்து உட்காரச் சொல்லி ஜாடை காட்டுகிறார். காலையில் புறப்படும்போதே, "நன்றி சொல்லத்தான் ஒன்னயக் கூப்பிட்டிருக்காக. அத மட்டும் சொல்லிட்டு எறங்கிரு" என்றுதான் அனுப்பினார். சொல்லிவிடுகிறேன்.

பந்தல் போட்டவர்களுக்கு நன்றி. இந்த மைக்செட்டை வாடகை வாங்காமல் தந்த அண்ணனுக்கு நன்றி. ரிஜெக்ட் மூட்டையைச் சனிக்கிழமை இரவே எடுத்துப்போகாமல் தாமதமாக்கிய வேஸ்ட் கடைக்காரருக்கு, அவர் இங்கே இல்லையென்றாலும், பெரிய நன்றி. தலையை நிமிர்த்திக் கேள் என்று சொன்ன வழக்கறிஞர் சித்ரகலா அவர்களுக்கு, அவர் சொன்னதை இந்த நிமிடத்தில் செய்து பார்ப்பதே என் நன்றி.

தலைவர் அவர்களே! ஈஸ்வரமூர்த்தி ஐயா அவர்களே!

விழாவைத் தொடங்கிவைத்துப் பேசும்போது, "இந்த மியூசியத்துக்கு இன்னும் என்ன வேணும்னாலும் தயங்காமக் கேளுங்க" என்று சொன்னீர்கள். எல்லோரும் கை தட்டினோம். நான் தட்டவில்லை, அந்த வாக்கியத்தை மனத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் நல்ல மனதோடு சொன்னீர்கள் என்று நம்புகிறேன். அதனால் கேட்கிறேன். இன்னோர் அலமாரி வேண்டாம், ஐயா. மின்விசிறி வேண்டாம். உங்கள் பெயர் போட்ட கல்வெட்டுக்கும் அவசரமில்லை.

அந்த மூன்று பெண்களும் உங்கள் கம்பெனியில்தான் இருக்கிறார்கள்.

அதில் ஒருவர் என் அம்மா. மற்ற இருவர் பெயரைச் சொல்ல நான் அனுமதி வாங்கவில்லை. அதனால் சொல்ல மாட்டேன்.

யாருங்க அது... மயிலாள் அக்கா? நீங்க எந்திரிக்க வேண்டாங்க, நான் பேரு சொல்லலை... சரிங்கக்கா. வேலாத்தாள் அக்காவும் எழுந்துவிட்டார்கள். அம்மா... நீயுமா? சரி. நில்லும்மா.

ஐயா, இதோ நிற்கிறார்கள். இவர்கள் உங்களைக் குறை சொல்ல எழவில்லை. இவர்கள் லீவு கேட்டது உங்கள் காது வரை வந்திருக்காது. ஏனென்றால் இவர்கள் கேட்கவே இல்லை. இவர்களுக்காக நான் கேட்கிறேன். புதன்கிழமை ஒரு நாள், இந்த மூவரும் கோர்ட்டுக்குப் போய், தாங்கள் தைத்ததைத் தாங்கள் தைத்தது என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அன்றைக்கு உங்கள் செக்கிங் மேசையில் மூன்று கை குறையும். அந்தக் குறைக்கு மூன்று பேர் இங்கேயே இருக்கிறோம். எனக்குப் பிசிறு வெட்டத் தெரியும். டியூஷனில் என்னோடு சொல்லிக்கொடுக்கும் இரண்டு பெண்களுக்கும் தெரியும். காலை எட்டரைக்கு வந்துவிடுகிறோம்.

வியாழக்கிழமை காலையில், உங்கள் கம்பெனி கேட்டில், அந்த மூன்று வருகை அட்டைகளும் அவை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், ஐயா. நான் கேட்பது இது ஒன்றுதான். இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் கேட்க, மைக்கில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மைக்கை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். வணக்கம்.